உள்ளறையில் நின்ற கடல்

சங்குமுனையில் நம்புராசன் வீட்டு உள்ளறைக்குள் கடல் வந்து நின்ற அன்று காலையில், அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கூப்பிடு தூரத்தில் கிடக்கிற கடல் என்றைக்காவது ஒரு நாள் உள்ளே வரத்தான் செய்யும் என்று பிறந்ததிலிருந்தே அறிந்த ஊர் அது. அறைக் கதவைச் சாத்தி வைப்பதா திறந்து வைப்பதா என்பது ஒன்றைத்தான் எல்லோரும் கேட்டார்கள். திறந்தே இருக்கட்டும், சாத்தினால் மரம் உப்பிப் பிறகு திறக்க வராது என்று ஊர்த்தலைவர் உமையணன் சொன்னார். கதவு திறந்தபடியே நின்றது.

தண்ணீர் அறையின் நிலைப்படியோடு நின்றது. தரையிலிருந்து கூரைவரை ஒரு சொட்டுக்கூடக் கசியாமல், தேய்த்து வைத்த கண்ணாடியைப் போல நின்றது. உள்ளே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி மெதுவாகச் சுற்ற, அதன் இறக்கைகளுக்கு நடுவே சின்னக் கீளி மீன்கள் புகுந்து புகுந்து வந்தன. பீரோ இருந்த இடத்தில் பீரோ இருந்தது, ஷோகேஸ் இருந்த இடத்தில் ஷோகேஸ் இருந்தது, ஷோகேசுக்குள் நம்புராசன் துபாயிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி ஒட்டகங்கள் வரிசை கலையாமல் நின்றன. கட்டிலுக்கு மேலே, முடி விரிந்து, கண் திறந்து, நாம் காற்றை இழுத்து விடுவதுபோலத் தண்ணீரை இழுத்து விட்டுக்கொண்டு, நம்புராசனின் மனைவி பூமயில் மிதந்துகொண்டிருந்தாள்.

"சேது, உன் மதினி தண்ணிக்குள்ள நிக்குறா. வந்து என்னன்னு பாரு" என்று நம்புராசன் தன் தங்கையைக் கூப்பிட்டது, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்வதைப் போலத்தான் இருந்தது.

சேதுராக்கு அப்போது பாசிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் திரும்பி வந்து, அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் குடிசை போட்டு, ஊர்ப் பெண்களோடு வள்ளத்தில் தீவுப் பக்கம் போய், மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து வந்து காயவைத்துப் பிழைக்கிறவள். பாறை விரலை அறுத்துவிடும் என்பதால் புறப்படுவதற்கு முன்னால் ஒவ்வொரு விரலுக்கும் பழைய துணியைக் கிழித்துச் சுற்றிக்கொள்வார்கள். அந்தத் துணியோடே ஓடி வந்து நிலைப்படியில் நின்று பார்த்தாள். பூமயில் அவளைத்தான் பார்த்தாள்.

ஒரு காலத்தில் இருவரும் ஒரே வள்ளத்தில் போனவர்கள். பூமயிலைப் போல முங்குகிறவள் சங்குமுனையில் இல்லை. அவள் உள்ளே போனால், மேலே இருப்பவர்கள் வெற்றிலை போட்டு மென்று துப்பிவிட்டுத்தான் அவளை எதிர்பார்ப்பார்கள். தளம் போட்ட வீடு எழும்பியதும் நம்புராசன் அவளை நிறுத்தினான். "தளம் போட்ட வீட்டுக்காரி பாசிக்குப் போனா ஊரு என்னத்தப் பேசும்" என்றான். அடித்துச் சொல்லவில்லை, கெஞ்சித்தான் சொன்னான். உப்புக்காற்று ஷோகேசைத் தின்றுவிடும் என்று கடல் பக்கத்து ஜன்னலைச் சிமெண்டு வைத்துப் பூசினான். அதையும் அவளுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் செய்தான். பூமயில் வீட்டைத் துடைத்தாள், ஒட்டகங்களைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். இப்படியே வருஷங்கள் போயின.

"இவ போகல, அது வந்துருச்சு" என்றாள் குருவம்மா. பாசிப் பெண்களில் அவள்தான் மூத்தவள், வள்ளத்தின் முனையில் உட்காருகிறவள். காரணம் என்று அந்த ஊரில் பேசப்பட்டது அவ்வளவுதான்.

அன்றே அவளை வெளியே எடுக்கப் பார்த்தார்கள். யார் வேண்டுமானாலும் நிலைப்படியைத் தாண்டி உள்ளே போகலாம், மூச்சு தாங்கும்வரை இருக்கலாம், நனைந்த உடம்போடு வெளியே வரலாம். பூமயிலுக்கு மட்டும் அந்த வாசல் சுவராக இருந்தது. அவள் கையை நீட்டினால் தண்ணீரின் விளிம்பில் உள்ளங்கை தட்டையாக அமுங்கி நின்றது. சேதுராக்கு அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அண்ணன் சேதுராக்குவை இழுத்தான், ஊர் அண்ணனை இழுத்தது. விளிம்புக்கு வந்ததும், சுவரில் ஒட்டிய படத்தைப் பிடித்து இழுத்தது போலப் பிடி வெறுமையாக வந்தது. பல தடவை இழுத்தார்கள். பிறகு மதியச் சாப்பாட்டு நேரம் வந்தது.

ஊர் எதற்கும் பழகிக்கொள்கிறது, ஐப்பசியில் வந்த கடலுக்குத் தை பிறப்பதற்குள் பழகிவிட்டது. லைன்மேன் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் ஓடுகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனார். அம்மன் கோயிலில் இருந்து மஞ்சள் வந்தது, மாதா கோயிலில் இருந்து மெழுகுவத்தி வந்தது, பள்ளிவாசலில் இருந்து ஓதின கயிறு வந்தது. மெழுகுவத்தி மட்டும் உள்ளே போனதும் அணைந்தது, அதையும் பூமயில் வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துச் சோறு உருட்டி உள்ளே நீட்டினார்கள். அவள் தின்றது போக மிச்சத்தை மீன்கள் தின்றன. சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிக்கிற பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் அந்த வாசலுக்கு வந்து, மீனைக் காட்டி, பூமயில் சித்தியைக் காட்டி, வாய்க்குள் சோற்றைத் தள்ளினார்கள். கல்யாணப் பத்திரிகை அடித்தால் முதல் பத்திரிகையை அவள் பார்க்கும்படி நிலைப்படியில் பிரித்துக் காட்டினார்கள். வலைத் தகராறு, வரப்புத் தகராறு எல்லாம் அவள் முன்னால் பேசித் தீர்க்கப்பட்டன, ஏனென்றால் அவள் இரண்டு பக்கமும் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், இதைவிட ஒரு நடுநிலை வேறு எங்கே கிடைக்கும் என்று உமையணன் கேட்டார்.

பிறகு வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கூட்டம் முற்றத்தை நிறைத்து, தெருவுக்கு வழிந்து, கருப்பையா டீக்கடைவரை நீண்டது.

"பின்னால நிக்கிறவுகளுக்கு ஒண்ணுமே தெரியல" என்றார் உமையணன். "சேதுராக்கு, உங்கிட்ட அந்தத் தண்ணிக் கேமரா இருக்குல்ல."

இருந்தது. பவளப் பாறைகளை அளக்க வந்த வினோதினி என்ற ஆராய்ச்சிப் பெண், தீவுகளைச் சுற்றிப் படம் எடுக்க சேதுராக்குவைக் கூடக் கூட்டிப்போய், நிதானமாக எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்து, வேலை முடிந்து போகும்போது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அந்த ஆக்‌ஷன் கேமராவை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். தண்ணீர் முதலில் தின்பது சிவப்பைத்தான், ஆழம் போகப்போகப் படத்தில் ரத்தம்கூடக் கறுப்பாகத்தான் தெரியும், விளக்கைக் கிட்டே கொண்டுபோனால்தான் சிவப்பு திரும்பி வரும் என்று சொல்லியிருந்தாள். இந்தக் கேமராவுக்கு ஒரு முழத்துக்குக் கிட்டே எதுவும் தெளிவாகத் தெரியாது, கிட்டே போக வேண்டுமானால் தனி லென்ஸை முகப்பில் மாட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஒவ்வொரு தடவை முங்குவதற்கு முன்னாலும் எதைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டுதான் பட்டனை அமுக்க வேண்டும், கேமரா எல்லாவற்றையும் பார்க்காது அக்கா, நாம் சொன்னதைத்தான் பார்க்கும் என்றும் சொல்லியிருந்தாள்.

சங்குமுனை என்ன பார்க்க வேண்டும் என்று சங்குமுனையே முடிவு செய்தது. முதல் நாள் எடுத்ததை டீக்கடை டிவியில் போட்டபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"உன் மதினி மட்டுந்தான் தெரியுறா, ஷோகேஸ் எங்க?" என்றான் நம்புராசன். சேதுராக்கு கேமராவை அகலக் கோணத்துக்கு மாற்றினாள். அறை முழுவதும் விழுந்தது, ஒட்டகங்கள் விழுந்தன, நடுவில் பூமயில் ஒரு விரல் நீளத்துக்குச் சுருங்கினாள்.

"தண்ணின்னா நீலமா இருக்க வேணாமா. இதென்ன கஞ்சித்தண்ணி மாதிரி" என்றார் உமையணன். நிறத்தைத் திருத்துகிற ஒயிட் பேலன்ஸை அவள் நீலத்தின் பக்கம் தள்ளி நிறுத்தினாள். அறை நீலமாயிற்று, பூமயிலின் சேலை நீலமாயிற்று, தோலும் நகமும் நீலமாயின.

"ஏம்மா, படம் ஆடுது. வடை தின்னது மேல வருது" என்றான் கருப்பையா. படம் ஆடாமல் பிடித்து நிறுத்துகிற வசதி அதில் இருந்தது. அதை முழுவதும் ஏற்றினாள். அறை ஆணி அடித்தது போல நின்றது.

"இன்னங் கொஞ்சம் மெதுவா ஓட்டினா எப்பிடி இருக்கும்" என்று யாரோ கேட்டார்கள். ஸ்லோமோஷன் வைத்தாள். பூமயிலின் கை மெல்ல மெல்ல எழுந்தது, சுவரில் போய்ப் பூவைப் போல விரிந்தது, மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. தலை சாய்ந்தது, முடி மேகம் போல அவளைச் சுற்றி வந்தது, வாய் திறந்து மூடியது.

"ஆடுறா பாரு" என்றான் கருப்பையா, டீ ஆற்றுவதை மறந்து. "என்ன அழகா ஆடுறா."

அதற்குப் பிறகு நிலைப்படிக்கு வந்து நேராகப் பார்க்கிறவர்கள் குறைந்துபோனார்கள். நேரில் பார்த்தால் தண்ணீர் கலங்கலாக இருந்தது, அவள் எங்கோ பீரோவுக்குப் பின்னால் இருந்தாள், கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்தால் பெஞ்சு இருந்தது, டீ இருந்தது, படம் நீலமாக, நிலையாக, மெதுவாக ஓடியது. தினமும் முற்பகலில் சேதுராக்கு உள்ளே போய் எடுத்து வர வேண்டும் என்று ஊர் சொன்னது. அவள் பாசிக்குப் போவது நின்றது. "உனக்கென்னடி, நிழல்ல வேலை" என்று வள்ளத்துப் பெண்கள் கேலி பேசினார்கள். அண்ணன் வீட்டுக் கொல்லையில் குடியிருப்பவள் மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது. கடலுக்குப் பிறந்தவள் ஓர் அறைக்கும் ஒரு டீக்கடைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள்.

நம்புராசன்தான் எல்லாரையும்விட நிம்மதியாக இருந்தான். நிலைப்படிக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, சாப்பிட்டியா பூமயிலு, தூங்கினியா பூமயிலு என்று கேட்டுக்கொண்டிருப்பான். "முன்னெல்லாம் சண்டைதான் சேது. சன்னலத் தொறங்கிறா, கடலுக்குப் போறேங்கிறா. இப்பப் பாரு, ஒரு சொல்லு இல்ல. இப்பத்தான் புருசன் பொஞ்சாதியா இருக்கோம்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியது. அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் சேதுராக்குவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

ஏனென்றால் உள்ளே போய் வருகிறவள் அவள் ஒருத்திதான், உள்ளே என்ன நடக்கிறது என்று அவள் மணிக்கட்டுக்குத் தெரியும். அவள் போன உடனே பூமயில் வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். பிடி இறுகும். பீரோ பக்கம் இழுப்பாள். சேதுராக்குவின் மூச்சு முடியும், நெஞ்சு அடைக்கும், அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வாசலுக்கு உந்துவாள். வெளியே விழுந்து இருமிக்கொண்டிருக்கும்போதே கேமராவை வாங்கிக்கொண்டு டீக்கடைக்கு ஓடுவார்கள். அங்கே திரையில் நாத்தனாரும் மதினியும் கை கோத்து, மெல்லச் சுழன்று, மெல்லப் பிரிந்தார்கள். பார்த்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "ரெண்டு பேருக்கும் என்ன பாசம்" என்றார்கள். அதே படத்தைப் பார்க்கிற சேதுராக்குவுக்கும், நாள் ஆக ஆக, மணிக்கட்டில் இருந்த சிவந்த தழும்பு பொய்யோ என்று தோன்றத் தொடங்கியது. ஒருவேளை ஆடத்தான் செய்கிறாளோ. ஒருவேளை நான்தான் மூச்சுக்குத் தவித்துக் கலவரப்படுகிறேனோ.

அந்தச் சந்தேகம் அவளைத் தூங்கவிடவில்லை. மாசி பிறந்து ஒரு காலை, ஊர் கோயில் கொடியேற்றத்துக்குப் போயிருந்த நேரத்தில், யாருக்கும் காட்டுவதற்காக இல்லாமல், தனக்குத் தெரிந்துகொள்ள ஒரு படம் எடுப்பது என்று முடிவு செய்தாள். கொல்லையில் துவைகல்லில் உட்கார்ந்து கேமராவின் சின்னத் திரையைத் துடைத்துக்கொண்டு, ஊர் கேட்டு வாங்கியிருந்த ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுத்தாள். ஸ்லோமோஷனை எடுத்தாள், நடப்பது நடக்கிற வேகத்தில் ஓடட்டும். ஆட்டத்தை நிறுத்துகிற வசதியை எடுத்தாள், ஆடுவது ஆடட்டும். அகலத்தைக் குறுக்கினாள், ஒட்டகங்கள் வெளியே நிற்கட்டும். நீலத்தை எடுத்துவிட்டு, உள்ளே கொண்டுபோகப் போகிற டார்ச் விளக்கின் வெளிச்சத்துக்கு ஒத்தபடி நிறத்தை நிறுத்தினாள். வினோதினி கேமராவோடு விட்டுப்போன, கிட்டப் பார்க்கிற லென்ஸை முகப்பில் மாட்டினாள், அதற்குள் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீரில் முக்கித் தேய்த்தாள். விளக்கை நேராகப் பிடித்தால் மிதக்கிற தூசியெல்லாம் பூச்சி பறப்பதுபோல மின்னி முகத்தை மறைத்துவிடும், ஆகவே பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்க ஒரு மூங்கில் சிம்பில் கட்டிக்கொண்டாள். பிறகு, முங்குவதற்கு முன் பாசிப் பெண்கள் செய்வதுபோல, நெஞ்சு காலியாகும்வரை ஊதிவிட்டு, நிறைய இழுத்து, உள்ளே போனாள்.

பூமயில் மணிக்கட்டைப் பிடித்தாள். சேதுராக்கு இந்தத் தடவை அவள் இழுத்த பக்கம் போனாள். பீரோவுக்குப் பின்னால், பூசி அடைத்த ஜன்னல் இருந்த மூலையில், ஒரு சாண் தூரத்தில் கேமராவை வைத்து, தன் கையை ஆடாமல் சுவரில் ஊன்றிக்கொண்டு, மூச்சு இருக்கும்வரை எடுத்தாள்.

குடிசைக்குள் வந்து, ஈரத் தலையோடு, முந்தானையைத் திரைக்கு மறைப்பாகப் போட்டுக்கொண்டு பார்த்தாள். முதலில் தெரிந்தது சிவப்பு. இத்தனை நாளும் ஊர் பார்த்திராத சிவப்பு, விரல் நுனிகளிலிருந்து நூல் நூலாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. அடுத்து விரல்கள். ஒவ்வொரு விரலிலும் துணி சுற்றியிருந்தது. நம்புராசன் எடுத்துக் கொடுத்த நல்ல சேலையின் கரையைக் கிழித்து, வேலைக்குப் புறப்படுகிறவள் சுற்றுவது போல இறுக்கிச் சுற்றி, நுனியை உள்ளே செருகியிருந்தாள். அந்த விரல்கள் சிமெண்டுப் பூச்சில் ஏறி, பிடி தேடி, பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கிற அதே திருப்பலோடு ஒரு சில்லைப் பெயர்த்தன. மெதுவாக அல்ல. நாய் மண்ணைப் பறிக்கிற வேகத்தில்.

பிறகுதான் அவள் மூன்றாவதைப் பார்த்தாள். படம் ஆடியது. தன் கை நடுங்கியதால் ஆடவில்லை, கை சுவரில் ஊன்றியிருந்தது. துணியின் நுனி, பூமயிலின் முடி, தூசி, ரத்தநூல், எல்லாம் ஒன்றாக மூலையை நோக்கிச் சாய்ந்தன, ஒன்றாகத் திரும்பி வந்தன, மறுபடி சாய்ந்தன. பூச்சின் கீறலிலிருந்து மணல் உள்ளே வந்து விழுந்தது, இளஞ்சிவப்புச் சிப்பித்துண்டு கலந்த மணல். சேதுராக்கு அந்த மணலை முப்பது வருஷமாகத் தலையிலிருந்து உதறிக்கொண்டிருக்கிறாள். பாசிக்கு முங்குகிற நண்டுத்தீவின் கிழக்குப் பக்கத்தைத் தவிர அது எங்கும் கிடையாது.

மறுநாள் அவள் அதை டீக்கடையில் போட்டாள்.

கருப்பையா, "என்னம்மா, கேமரா கீழ விழுந்துருச்சா" என்றான்.

"இல்ல. இதுதான் நடக்குது. அவ சுவர ஒடைக்கிறா. வெளிய வரணுங்கிறா. கையப் பாருங்க."

"கையையே காட்டினா யாரு பாப்பா. மொகத்தக் காட்டு" என்றது ஒரு குரல்.

"எனக்குத் தலை சுத்துதுப்பா" என்று இன்னொருவர் எழுந்தார்.

உமையணன் பொறுமையாகப் பேசினார். "சேதுராக்கு, நீ நல்லாத்தான் எடுப்ப. இன்னிக்கு என்னமோ கோளாறு. வெளியூர்க்காரவுக வந்திருக்காக, பழையபடி எடுத்துப் போடும்மா."

"மாமா, அந்தச் சுவர வெளியருந்து ஒடச்சு விட்டுருவோம். அவ வெளிய வந்துருவா."

"சுவர ஒடச்சா கடல் ஊருக்குள்ள வந்துராதா? ஒருத்திக்காக ஊர முக்கச் சொல்றியா?" அவர் குரலில் கோபம் இல்லை. கணக்குச் சரியாக இருக்கிறவனின் அமைதி இருந்தது.

நம்புராசன் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தான். அவன் பார்த்துவிட்டான் என்று சேதுராக்கு நினைத்தாள். அவன், "நல்ல சேல அது. கிழிச்சிட்டாளே" என்றான்.

அவள் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, டீக்கடைப் பந்தலின் ஓரத்தில் குருவம்மா நின்றுகொண்டிருந்தாள். ஆம்பளைகள் உட்காருகிற கடைக்குள் அவள் போவதில்லை, கம்பத்தில் சாய்ந்து அங்கிருந்தே பார்த்திருந்தாள். இருவரும் கடற்கரைப் பக்கம் நடந்தார்கள்.

"அந்த ரூமுக்குள்ள நீவாடு இருக்குடி" என்றாள் குருவம்மா. நீவாடு என்றால் கடலுக்குள் ஓடுகிற ஓட்டம், பாசிப் பெண்கள் அதில் ஏறிப் போவார்கள், அதில் இறங்கி வருவார்கள். "தேங்கின தண்ணி அப்பிடிப் போய்ப் போய் வராது. அந்த மூலை தொறந்த கடல்லதான் இருக்கு."

"நண்டுத்தீவு மணலு அயித்த."

"பாத்தேன்."

"உமையண மாமா ஒத்துக்கிற மாட்டாக."

"அவன யாருடி கேட்டா. வெளியருந்து ஒடச்சாத்தான் சத்தம். உள்ளருந்து பிக்கலாம். பாசி பிக்கிறதுக்கு நாம யாருகிட்டக் கேக்குறோம்." குருவம்மா நடையை நிறுத்தாமல் சொன்னாள். "ஒரு மூச்சுக்கு ஒருத்தி. ஒருத்தி வர, ஒருத்தி போக."

அடுத்த நாள் சேதுராக்கு உமையணனிடம் போய், நேற்றுக் கோளாறு நேர்ந்துவிட்டது, அதற்கு ஈடாக வள்ளத்துப் பெண்கள் எல்லோரும் மதினியோடு சேர்ந்து ஆடுவதாகப் படம் எடுத்துத் தருகிறேன் என்றாள். அவர் முகம் மலர்ந்தது. கேமராவை அவள் பழையபடி வைத்தாள். அகலம் முழுவதும், நீலம் முழுவதும், ஆடாமல், மெதுவாக. முற்பகலில் பெண்கள் நம்புராசன் வீட்டு முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து, பழைய சேலைகளைக் கிழித்து விரல்களில் சுற்றிக்கொண்டார்கள். "ஆட்டத்துக்குக் கைக்கட்டு" என்று கேட்டவர்களிடம் சொன்னார்கள். ஒருத்தி உள்ளே போய் அந்த மூலையில் ஒரு மூச்சுக்குப் பெயர்ப்பாள், அவள் வெளியே வர அடுத்தவள் உள்ளே போவாள், கேமரா கட்டில் காலில் கட்டப்பட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். பூமயிலுக்கு மட்டும் மூச்சு வாங்க வேண்டியதில்லை, அவள் நிறுத்தவே இல்லை.

எடுத்த கார்டை மட்டும் கழற்றி டீக்கடையில் போடுவார்கள், கேமரா கட்டில் காலுக்கே திரும்பும். அதைப் பார்க்க ஊர் ஆம்பளைகள் எல்லோரும் போவார்கள், நம்புராசனும் நாற்காலியை விட்டு எழுந்து போவான், ஒட்டகங்கள் டிவியில் வருவதை அவன் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அவர்கள் படம் பார்க்கிற நேரத்தில் பெண்கள் மறுபடி உள்ளே இறங்குவார்கள். திரையில் நீலப் பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக மிதந்து வந்து, கைகளை உயர்த்தி, சுவரைத் தொட்டு, உதிரும் சிமெண்டை மாவைப் போலத் தூவி, சாய்ந்து, விலகினார்கள். ஒவ்வொரு நாள் படத்திலும் மூலையில் இருந்த கறுப்பு வளர்ந்தது. முதலில் ஒரு குங்குமப் பொட்டு, பிறகு ஒரு தட்டு, பிறகு ஓர் அண்டாவின் வாய். ஊரே உட்கார்ந்து அதைப் பார்த்தது. "அந்த நிழலு நல்லா விழுந்துருக்கு" என்று கருப்பையா பாராட்டினான். சேதுராக்கு தலையாட்டினாள். மதினியைப் பூட்டி வைத்த அதே நான்கு பட்டன்கள் இப்போது ஊரைப் பூட்டி வைத்திருந்தன, அதில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இவ்வளவு எளிதாகவா இது நடக்கும் என்ற பயம்.

துவாரம் ஓர் ஆள் நுழைகிற அளவு ஆன அன்று, குருவம்மா பெண்களை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு நண்டுத்தீவின் கிழக்குப் பக்கம் போனாள். பாசிக்குப் போகிறோம் என்றாள், அதுதான் அவர்கள் தொழில் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. டீக்கடையில் படம் ஓடத் தொடங்கியது. சேதுராக்கு தனியாக நிலைப்படிக்கு வந்தாள், நெஞ்சை ஊதிக் காலி செய்தாள், இழுத்தாள், உள்ளே போனாள்.

பூமயில் மூலையில் காத்திருந்தாள். துவாரத்துக்கு அந்தப் பக்கம் பச்சையாக வெளிச்சம் இருந்தது, வெகு மேலே ஒரு வள்ளத்தின் வயிறு வாழைப்பூ மடலைப் போலக் கறுப்பாக நின்றது. கடல் துவாரத்தின் வழியாக உள்ளே வந்து தள்ளும், சற்று நின்று, வெளியே இழுக்கும். உள்ளே வரும்போது எதிர்த்தால் பாறையில் அடிபட வேண்டும். பிடித்துக்கொண்டு நின்று, அது போகும்போது அதோடு போக வேண்டும். இது பூமயிலுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு தள்ளலைத் தாங்கினாள். சேதுராக்குவைத் திரும்பிப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடிக்கவில்லை, கன்னத்தைத் தொட்டாள். கடல் வெளியே போனபோது அவளும் போனாள். பாதங்கள் இரண்டும் வெளிறி, ஒரு கணம் துவாரத்தில் நின்று, மறைந்தன.

சேதுராக்கு அவள் மேலே ஏறுவதைப் பார்த்தாள். வள்ளத்திலிருந்து துணி சுற்றிய கைகள் தண்ணீருக்குள் நீண்டதைப் பார்த்தாள். அதற்குள் நெஞ்சு அடைக்கத் தொடங்கிவிட்டது. திரும்பி, பீரோவைச் சுற்றி, கட்டிலுக்கு மேலாக, இத்தனை மாதமும் வந்து பழகிய அதே வழியில் வாசலுக்கு உந்தி, கையை வெளியே நீட்டினாள்.

கை நிலைப்படியில் தட்டையாக அமுங்கி நின்றது.

மறுபடி நீட்டினாள். தோளால் இடித்தாள். வாசலுக்கு வெளியே முற்றம் இருந்தது, காலியான நாற்காலி இருந்தது, கொடியில் ஒரு துண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, எல்லாம் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. மார்பு வெடிப்பதுபோல் ஆனது. இனி முடியாது என்ற இடத்தில் வாய் தானாகத் திறந்தது, தண்ணீர் உள்ளே போனது, வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது. அது மூச்சாக இருந்தது. குளிர்ந்த, உப்பான, போதுமான மூச்சு. அந்த வீட்டுக்கு உள்ளே ஒருத்தி இருக்க வேண்டும், அது யாராக இருந்தாலும் அதற்குச் சரிதான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

நம்புராசன் டீக்கடையிலிருந்து திரும்பி வந்தான். முகத்தில் படம் பார்த்த சந்தோஷம் இன்னும் மிச்சமிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான், நிலைப்படிக்கு அந்தப் பக்கம் முடி விரிந்து நிற்கிற பெண்ணை நேராகப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அண்ணே, நான் சேது என்று அவள் வாய் அசைந்தது. உள்ளங்கையால் தண்ணீரை அறைந்தாள்.

"சாப்பிட்டியா பூமயிலு?" என்று அவன் அன்பாகக் கேட்டான்.

அவள் கையை எடுத்தாள். அவன் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தான், இன்றைய படம் எவ்வளவு நன்றாக இருந்தது என்பதைப் பற்றி. சேதுராக்கு திரும்பி, கட்டில் காலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த கேமராவைக் கடந்து, பீரோவுக்குப் பின்னால் போனாள். துவாரத்தின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டாள். கடல் உள்ளே வந்து அவளை அறைப் பக்கம் தள்ளியது, அவள் தலையைக் குனிந்து தாங்கிக்கொண்டாள். மணல் முகத்தில் உரசியது. பிறகு எல்லாம் ஒரு கணம் அசையாமல் நின்றது.

பிறகு கடல் வெளியே போகத் தொடங்கியது.